பழைய டிராக்டரில் துரு நீக்க ஏற்ற டிஸ்க் எது?



தாம்பரத்தைச் சுற்றிலும் வீடுகள் பெருகிவிட்ட போதிலும், மணிமங்கலம், சோமங்கலம், படப்பை, அகரம்தென் போன்ற ஊர்களில் நெல் பயிரிடும் குடும்பங்கள் இன்றும் உள்ளன. அவர்களில் பலரிடம் இருப்பது இரண்டாம் கையாகவோ மூன்றாம் கையாகவோ வாங்கிய டிராக்டர். அதன் பின்னால் மாட்டும் டிரெயிலரோ அதைவிட மூத்தது. என்ஜின் குறை சொல்ல முடியாதபடி ஓடும். ஆனால் மட்கார்டின் ஓரம், கால் வைக்கும் தட்டு, பாட்டரிப் பெட்டி, டிரெயிலரின் அடித்தகடு ஆகிய இடங்களில் துரு ஏறியிருக்கும். அதைத் தேய்த்துவிட்டுப் பெயிண்ட் அடிக்கலாம் என்று கடைக்குப் போய், "துரு எடுக்க ஒரு டிஸ்க் கொடுங்கள்" என்று கேட்கிறோம். பல கடைகளில் உடனே எடுத்துத் தருவது 6 மி.மீ. பருமனுள்ள சாணை டிஸ்க்.

அது நல்ல சரக்குதான். ஆனால் வெல்டிங் செய்த இடத்தில் புடைத்து நிற்கும் மேட்டைத் தேய்ப்பதற்காக உண்டானது. 1 மி.மீ. பருமன்கூட இல்லாத மட்கார்டுத் தகட்டில் அதை வைத்தால் துருவோடு தகடும் போய்விடும். ஆகையால், "இந்தத் துருவை எடுக்கக்கூடிய மிக மென்மையான டிஸ்க் எது?" என்று கேட்டுப் பழகிக் கொள்ளுங்கள். எவ்வளவு விரைவில் முடியும் என்பது அதற்கு அடுத்த கேள்வியாகவே இருக்கட்டும்.

நம் வட்டாரத்துத் துரு

இரும்பு துருப்பிடிக்கக் காற்றும் ஈரமும் போதும். உப்பும் கூடச் சேர்ந்தால் துரு பல மடங்கு விரைவில் பரவும். கடற்கரையில் உள்ள அளவுக்கு உப்புக் காற்று தாம்பரம் வரை வருவதில்லை. ஆயினும் கோவளம், கேளம்பாக்கம் பக்கம் அடிக்கடி சுமை ஏற்றிப் போய்வரும் டிரெயிலரின் அடிப்பாகத்தைப் பார்த்தால் வேறுபாடு தெரியும். கடலே எட்டாத ஊரிலும் உப்பு நம் கையாலேயே வண்டியில் ஏறுகிறது. நாம் பொட்டாஷ் என்று சொல்லி வாங்கும் மூரியேட் ஆஃப் பொட்டாஷ் உரம் இரசாயன முறையில் பொட்டாசியம் குளோரைடு. அதாவது அதுவும் ஓர் உப்பு. கிழிந்த மூட்டையிலிருந்து டிரெயிலர் மூலையில் சிந்திய ஒரு பிடி பொட்டாஷ், மழை ஈரத்தில் கரைந்து தகட்டின் இணைப்புகளுக்குள் இறங்கி அங்கேயே தங்கிவிடும். சாணம் ஏற்றிய டிரெயிலரைக் கழுவாமல் நிறுத்துவதும் ஏறக்குறைய இதே கெடுதலைச் செய்யும்.

வெள்ளத்தை இங்கு யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. 2015 டிசம்பர் முதல் இரண்டு நாள்களில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 49 செ.மீ. மழை பதிவாயிற்று. அடையாற்று வெள்ளம் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளுக்குள் புகுந்து வண்டிகளை மூழ்கடித்தது. வெள்ளத்தில் நின்ற வண்டிக்கு நீரைவிட, நீர் விட்டுச்சென்ற சேறே பெரிய பகை. பெட்டி வடிவச் சட்டங்களுக்குள்ளும் மடிப்புகளுக்குள்ளும் அடைந்த சேறு வாரக்கணக்கில் ஈரம் காயாமல் இருந்து உள்ளிருந்தே அரிக்கும். வெளியே பெயிண்ட் நன்றாகத் தெரியும். விரலால் அழுத்தினால் உள்ளே போகும்.

ஆகையால் டிஸ்க் வாங்கும் முன் சிறு சுத்தியலும் திருப்புளியும் எடுத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வாருங்கள். மெல்லத் தட்டினால் நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். அரித்த தகடு மந்தமாக ஒலிக்கும். திருப்புளி முனையை வைத்து அழுத்தும்போது அது உள்ளே இறங்கினால் அந்த இடத்துக்கு எந்த டிஸ்கும் தேவையில்லை. அதை வெட்டி எடுத்து வேறு தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். அதற்கு டிங்கர் பட்டறைதான் வழி.

எண்ணும் எழுத்தும்

நாம் பேசுவது பட்டறைகளில் உள்ள கை கிரைண்டரைப் பற்றி. மாவரைக்கும் கிரைண்டரை அல்ல. நம் ஊர்களில் அதிகம் புழங்குவது 100 மி.மீ., அதாவது 4 அங்குல டிஸ்க் மாட்டும் சிறிய கிரைண்டர். சுமை இல்லாமல் ஓடும்போது நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றும். கணக்குப் போட்டுப் பார்த்தால் டிஸ்கின் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் ஓடுகிறது. இந்த எண்ணை நினைவில் வையுங்கள்; பின்னால் தேவைப்படும்.

டிஸ்கில் தேய்க்கும் வேலையைச் செய்வது அதில் ஒட்டியுள்ள மணிகள். இரும்புக்கு ஏற்றது அலுமினியம் ஆக்சைடு. பாக்சைட் கனிமத்தை மின் உலையில் உருக்கி இதைச் செய்கிறார்கள். சிலிக்கான் கார்பைடு என்பது 1891இல் அமெரிக்காவில் ஆச்சிசன் என்பவர் செய்து கண்ட பொருள். அவர் அதற்கு இட்ட பெயர்தான் கார்போரண்டம். நம் திருவொற்றியூரில் சாணைக்கல் செய்யும் கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனம் 1954இல் தொடங்கப்பட்டது. அதன் பெயரிலும் இச்சொல் இருப்பதைக் காணலாம். சிலிக்கான் கார்பைடு கருங்கல்லுக்கும் சிமெண்டுக்கும் வார்ப்பிரும்புக்கும் நன்று. எஃகுத் தகட்டில் அது விரைவில் மழுங்கிவிடும். மூன்றாவது வகை சிர்கோனியா. விலை சற்றுக் கூடுதல். எஃகில் நெடுநேரம் உழைக்கும். டிஸ்கின் நிறத்தைப் பார்த்து வகையை முடிவு செய்யாதீர்கள். நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். எழுத்தைப் பாருங்கள்: ஆங்கில எழுத்து 'ஏ' என்றால் அலுமினியம் ஆக்சைடு, 'சி' என்றால் சிலிக்கான் கார்பைடு, 'இசட்' என்றால் சிர்கோனியா.

எழுத்தை அடுத்து வரும் எண் மணியின் அளவு. இது சல்லடைக் கணக்கு. ஓர் அங்குல நீளத்தில் எத்தனை கண் உள்ள சல்லடையில் சலித்தது என்பதைச் சொல்கிறது. கண் அதிகமானால் மணி பொடி. 24 என்பது நொய் போல. 80 என்பது ரவையைவிடப் பொடி. 120 மாவை நெருங்கும். துரு வேலைக்கு நமக்குத் தேவையானவை பெரும்பாலும் 60, 80, 120 ஆகிய மூன்றே. 24, 36 எண்களைத் தடித்த இரும்புக்கு மட்டும் வைத்துக் கொள்ளுங்கள்.

எந்த இடத்துக்கு எது?

முதலில் மெல்லிய தகடு. மட்கார்டு, பானெட், பாட்டரிப் பெட்டி, பழைய வேனின் கதவு ஆகியவை இதில் அடங்கும். 20 கேஜ் தகட்டின் பருமன் சுமார் 0.9 மி.மீ. துரு அதில் கால் பங்கை ஏற்கனவே தின்றிருக்கலாம். இதற்கு மிக ஏற்றது நைலான் வலை டிஸ்க். பாத்திரம் தேய்க்கும் பச்சை நார் போலத் தடித்து, ஓட்டை ஓட்டையாக, பெரும்பாலும் கருப்பு அல்லது ஊதா நிறத்தில் இருக்கும். கடையில் ஸ்ட்ரிப் டிஸ்க் என்பார்கள். இதன் நாரில் ஒட்டியிருப்பது சிலிக்கான் கார்பைடாக இருந்தாலும் கவலை வேண்டாம். இதன் வேலை துருவையும் பழைய பெயிண்டையும் உரிப்பது மட்டுமே. தகட்டை அதிகம் தின்னாது, அதிகம் சூடாக்காது, பெயிண்ட் பிசினால் எளிதில் அடைபடாது. கூர்மையான தகட்டு ஓரத்தில் அழுத்தினால் நார் பிய்ந்துபோகும். ஓரத்தை மட்டும் கையாலும் உப்புத்தாளாலும் பார்த்துக் கொள்ளுங்கள். இந்த டிஸ்க் சிற்றூர்க் கடைகளில் கிடைப்பது கடினம். தாம்பரம் சந்தைப் பக்கத்து ஹார்டுவேர் கடைகளிலோ சென்னை பாரிமுனைப் பக்கத்திலோ கேட்டுப் பாருங்கள்.

அது கிடைக்காவிட்டால் ஃப்ளாப் டிஸ்க். உப்புத்துணியைச் சிறு சிறு பட்டைகளாக வெட்டி, ஓலைக் கூரை வேய்ந்தது போல ஒன்றன்மேல் ஒன்றாக வட்டமாக ஒட்டியிருப்பார்கள். மேல் பட்டை தேயத் தேய அடுத்த பட்டை வெளியே வரும். மெல்லிய தகட்டுக்கு 80 எண்ணில் தொடங்குங்கள். தட்டையான வகையை ஏறக்குறைய படுக்கை வசமாக, 5 முதல் 15 பாகை சாய்வில் பிடிக்க வேண்டும். கிரைண்டரின் எடையே போதும்; மேலும் அழுத்த வேண்டாம். ஓரிடத்தில் நிற்காமல் மெழுகுவது போல நகர்த்திக்கொண்டே இருங்கள். தகட்டில் நீல நிறம் படர்ந்தால் சூடு மிஞ்சிவிட்டது என்று பொருள். சூடு மிஞ்சிய மெல்லிய தகடு அலை அலையாக நெளிந்துவிடும். பிறகு எத்தனை பூச்சு பட்டி வைத்தாலும் வெயிலில் அந்த நெளிவு தெரியும்.

கம்பி பிரஷ் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பலரும் அதையே நம்பியிருக்கிறார்கள். கிண்ணம் போன்ற கப் பிரஷ் பொருக்குத் துருவையும் காய்ந்த சேற்றையும் உதிர்ப்பதற்கு மிக நன்று. இரும்பை அது ஏறக்குறைய தின்பதே இல்லை. கலப்பைச் சட்டம், கூண்டுச் சக்கரம், நட்டு போல்ட் இடுக்குகள், வெல்டிங் மூலைகள் ஆகியவற்றில் டிஸ்க் நுழையாத இடத்தில் இது நுழையும். ஆனால் குழிக்குள் கெட்டியாக அமர்ந்த துருவை இது எடுப்பதில்லை, மெருகு ஏற்றிவிடுகிறது. பார்வைக்குக் கருப்பாகப் பளபளப்பதால் இரும்பு வந்துவிட்டது என்று எண்ணிப் பெயிண்ட் அடிக்கிறோம். அடுத்த ஐப்பசி மழைக்கே பெயிண்டுக்கு அடியில் கொப்புளம் எழும்பும். ஆகவே கம்பி பிரஷுக்குப் பின் ஃப்ளாப் டிஸ்கோ உப்புத்தாளோ ஒருமுறை ஓட வேண்டும். கப் பிரஷில் மற்றொரு தொல்லையும் உண்டு. கம்பிகள் ஒவ்வொன்றாகக் கழன்று ஊசி போலப் பறந்து துணியைத் துளைத்துச் சதையில் குத்தும். முறுக்கிய கம்பி வகையில் இது சற்றுக் குறைவு. ஆனால் மெல்லிய தகட்டுக்கு அது முரடு.

டிரெயிலரின் அடித்தகடு 3 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருக்கும். சேஸிஸ் சட்டமும் கலப்பைச் சட்டமும் அதைவிடத் தடிப்பு. இங்கே 40 அல்லது 60 எண் ஃப்ளாப் டிஸ்க் தாராளமாகப் பயன்படும். பரப்பு பெரிதாக இருந்தால் ரப்பர் தட்டின் மேல் மாட்டும் ஃபைபர் டிஸ்க் விலைக்கு நல்ல வேலை தரும். சாணை டிஸ்கை வெல்டிங் மேட்டுக்கும், கல்லாக இறுகிய அடுக்குத் துருவுக்கும் மட்டும் எடுங்கள். 1 மி.மீ. அளவிலான வெட்டு டிஸ்கைத் தேய்க்கும் வேலைக்கு ஒருபோதும் எடுக்காதீர்கள். அதன் பலம் எல்லாம் விளிம்பில்தான். பக்கவாட்டில் வைத்து அழுத்தினால் நொறுங்கும். வாங்கியது வீணாகக் கூடாதென்று மீந்த வெட்டு டிஸ்கால் துரு தேய்ப்பதைப் பட்டறைகளில் இன்றும் காண்கிறோம். அந்தச் சிக்கனம் கண்ணுக்குக் கேடு.

தேய்க்கவே கூடாத இடங்களும் உண்டு. ஹைட்ராலிக் உருளையின் பளபளப்பான தண்டில் ஒரு கீறல் விழுந்தாலும் எண்ணெய்க் கசிவு தொடங்கும். டீசல் டாங்க், பெட்ரோல் டாங்க் அருகில் தீப்பொறி பறக்கும் வேலையே வேண்டாம். காலியான டாங்கில் நிற்கும் ஆவி நிறைந்த டாங்கைவிட ஆபத்தானது. பாட்டரியைக் கழற்றி அப்பால் வையுங்கள். அதிலிருந்து வெளிவரும் வாயு தீப்பற்றக் கூடியது. வைக்கோல் போர் உள்ள களத்திலோ கொட்டகையிலோ கிரைண்டரை எடுக்காதீர்கள். பக்கத்தில் கார் நின்றால் அதன் கண்ணாடியைச் சாக்கால் மூடுங்கள். தீப்பொறி கண்ணாடியில் பதிந்தால் எடுக்கவே முடியாது.

இன்னும் ஓர் இடம் சேஸிஸ் எண் பொறித்த பகுதி. துருவோடு துருவாக அந்த எண்ணையும் தேய்த்துவிட்டால், வண்டியை விற்கும்போதோ பெயர் மாற்றும்போதோ தாம்பரம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் நீங்கள் என்ன சொன்னாலும் எடுபடுவது கடினம். எண் அழிந்த வண்டி திருட்டு வண்டியோ என்ற ஐயத்துக்கு இடம் தரும். பதிவுப் புத்தகத்தைப் பார்த்து, அந்த எண் வண்டியில் எங்கே உள்ளது என்று முதலிலேயே தேடி, சாக்கட்டியால் சுற்றிக் கோடு போடுங்கள். அந்தக் கோட்டுக்குள் மண்ணெண்ணெயும் பழைய பல் துலக்கும் பிரஷும் மட்டுமே.

டிஸ்க் வெடிப்பது ஏன்?

மணிக்கு 200 கிலோமீட்டர் என்றோமே, அதை இப்போது நினைவுகூருங்கள். ரெசினால் இறுக்கிய டிஸ்குகள் பெரும்பாலும் விநாடிக்கு 80 மீட்டர் விளிம்பு வேகத்துக்கு உட்பட்டுச் செய்யப்படுகின்றன. 100 மி.மீ. டிஸ்கில் நிமிடத்துக்குச் சுமார் 15,200 சுற்று என்றும், 180 மி.மீ. டிஸ்கில் சுமார் 8,500 சுற்று என்றும் அச்சிட்டிருப்பது இதனால்தான். மேல்மூடியைக் கழற்றிவிட்டு 11,000 சுற்றுள்ள சிறிய கிரைண்டரில் பெரிய டிஸ்கை மாட்டினால் விளிம்பு வேகம் விநாடிக்கு 100 மீட்டரைத் தாண்டும். டிஸ்க் துண்டு துண்டாகப் பறக்கும். தடுக்க வேண்டிய மூடியும் அங்கே இராது. டிஸ்கில் அச்சிட்ட சுற்று எண் கிரைண்டரில் அச்சிட்ட எண்ணைவிட அதிகமாக இருக்க வேண்டும். கம்பி பிரஷுக்கும் இதே விதி. சில பிரஷுகளின் எண் 11,000க்கும் குறைவு, வாங்கும்போதே பாருங்கள். துளையும் பொருந்த வேண்டும். 4 அங்குல டிஸ்கின் துளை 16 மி.மீ.; 5 அங்குல டிஸ்கின் துளை 22 மி.மீ.க்குச் சற்றுக் கூடுதல். பொருந்தாத துளைக்கு வாஷர் வைத்து ஒப்பேற்றினால் டிஸ்க் மையம் விலகி ஆடும்.

பல சாணை, வெட்டு டிஸ்குகளின் நடு வளையத்தில் காலாவதி மாதமும் ஆண்டும் பொறித்திருப்பார்கள். மருந்துப் புட்டியைப் பார்ப்பது போல இதையும் பாருங்கள். ஈரம் பட்டால் ரெசின் வலுவிழக்கும். வெள்ளத்தில் நனைந்த டிஸ்கைக் காய வைத்துப் பயன்படுத்தலாம் என்று எண்ண வேண்டாம், உடைத்துப் போட்டுவிடுங்கள். புது டிஸ்க் மாட்டியதும் வண்டியில் வைக்குமுன், யாரும் எதிரில் இல்லாதபடி பார்த்து, ஒரு நிமிடம் வெறுமனே ஓட விடுங்கள்.

தோளில் துண்டு, அவிழ்ந்த வேட்டி, தொளதொளத்த சட்டைக் கை ஆகியவை இந்த வேலைக்கு ஆகா. கண்ணைப் பக்கவாட்டிலும் மூடும் கண்ணாடி கட்டாயம். வெயிலுக்குப் போடும் கருப்புக் கண்ணாடி இதற்கு உதவாது. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். அந்தத் தூள் மூச்சில் போகக் கூடாது, குழந்தைகள் விளையாடும் இடத்திலும் படியக் கூடாது. எனவே நல்ல மூக்குமூடி அணிந்து, வீட்டு வாசலை விட்டு அப்பால் தேய்த்து, தூளைப் பெருக்கிக் கட்டி எடுத்துவிடுங்கள். ஈரத் தரையில் நின்று கிரைண்டரை ஓட்டாதீர்கள்.

தேய்ப்பதற்கு முன்னும் பின்னும்

டிஸ்கால் உப்பை எடுக்க முடியாது. குழிக்குள் இருக்கும் பொட்டாஷும் கடல் உப்பும் தேய்க்கத் தேய்க்க உள்ளேயே கிடக்கும். ஆதலால் முதல் வேலை நல்ல தண்ணீரால் அழுத்திக் கழுவுவது. உவர்க் கிணற்று நீரால் கழுவினால் பயனில்லை. அடுத்தது கிரீஸ், எண்ணெய்ப் பிசுக்கை மண்ணெண்ணெயால் துடைத்து, பிறகு சோப்பு நீரால் அலசுவது. பிசுக்கோடு தேய்த்தால் டிஸ்க் அடைத்துக்கொள்வதோடு எண்ணெயும் எங்கும் பரவும். நன்கு காய்ந்த பின்பே கிரைண்டரை எடுங்கள்.

தேய்த்த பிறகும் குழிகளில் கருப்புப் புள்ளிகள் மிஞ்சும். அவற்றை எடுக்கிறேன் என்று தகட்டைத் தேய்த்துக்கொண்டே போவது தவறு. பித்தளைக் குடத்துக்குப் புளி எப்படியோ, இரும்புத் துருவுக்குப் பாஸ்பாரிக் அமிலம் அப்படி. துருநீக்கி என்று விற்கும் இந்தத் திரவத்தை ரப்பர் கையுறை அணிந்து பிரஷால் தடவி, புட்டியில் சொன்ன நேரம் விட்டு, சொன்னபடி கழுவியோ துடைத்தோ உலர்த்துங்கள். டிஸ்க் எட்டாத இடத்தை அது எட்டும்.

பிரைமர் பிடிக்க 80 முதல் 120 எண் வரை தேய்த்த சொரசொரப்பு போதும். கண்ணாடி போல மெருகேற்றினால் பெயிண்ட் பிடிமானம் இழக்கும். ஜிங்க் பாஸ்பேட் பிரைமர் கிடைத்தால் அதையும், இல்லையேல் நல்ல ரெட் ஆக்சைடு பிரைமரையும் இரண்டு பூச்சு கொடுங்கள். தேய்த்த அன்றே, பொழுது சாய்வதற்குள் முதல் பூச்சு விழ வேண்டும். நம் பகுதிக் காற்றில் ஈரம் அதிகம். வெறும் இரும்பை ஒரு இரவு வெளியே விட்டால் மறுநாள் மஞ்சள் படர்ந்திருக்கும். முழு வண்டியையும் ஒரே நாளில் தேய்த்துப் போட்டுவிட்டு பிரைமருக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமையை எதிர்பார்ப்பதைவிட, காலையில் ஒரு மட்கார்டைத் தேய்த்து மாலைக்குள் பிரைமர் அடித்து முடிப்பது மேல்.

இதற்குச் சிறந்த காலம் சம்பா அறுவடை முடிந்த மாசி, பங்குனி மாதங்கள். கார்த்திகை, மார்கழியில் தொடங்க வேண்டாம். பெயிண்ட் காய்ந்ததும் டிரெயிலர் மூலைகளிலும் மட்கார்டு மடிப்புகளிலும் உள்ள வடிகால் துளைகளைக் கம்பியால் குத்திப் பாருங்கள். தேய்த்த தூளும் பெயிண்டும் அவற்றை அடைத்திருக்கும்.